வறுப்போர் வட்டத்தின் மூக்கு

பல்செட்காரருக்குக் காபியைப் பற்றிப் பேச வீட்டில் ஆளில்லை. மனைவி காபி குடிப்பதில்லை. காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், வேலையிலிருந்து வந்ததும் இன்னொரு டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். கணவர் புதிதாக வறுத்த கொட்டையை உள்ளங்கையில் வைத்து மூக்கருகே நீட்டினால் ஒரு தரம் முகர்ந்துவிட்டு, "கருகின வாசனை வருது" என்பாள். எந்தக் கொட்டையை நீட்டினாலும் அதே பதில்தான். பிசியோதெரபிஸ்ட் வேலை அவளுக்கு. நாள் முழுக்க அடுத்தவர் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு வருபவளுக்கு இந்த அளவுக்குப் பதில் சொல்லத் தெம்பிருந்ததே பெரிய விஷயம்.

அவருக்கோ வேலையே நுணுக்கம் பார்ப்பதுதான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் இருபது வருஷமாக இருக்கிறார். பல்லின் வெள்ளையில் பதினாறு வகை உண்டு, அத்தனையையும் கண் மூடித் திறப்பதற்குள் பிரித்துச் சொல்லுவார். பல்லைத் தேய்க்கும் மோட்டார் சத்தத்தில் காது மட்டும் கொஞ்சம் மந்தமாகிப் போயிருந்தது. மற்றவர்கள் காபி வறுக்கும்போது கொட்டை படபடவென்று வெடிக்கும் ஓசையைக் கேட்டுப் பதம் பார்ப்பார்கள். இவருக்கு அந்த ஓசை சரியாகப் பிடிபடாது, மூக்கைத்தான் நம்பினார். பால்கனியில் ஒரு பழைய பாப்கார்ன் இயந்திரத்தில் பச்சைக் கொட்டையைப் போட்டுவிட்டு எதிரே முக்காலியில் உட்காருவார். முதலில் வெட்டிய புல்லின் வாசனை வரும். பிறகு ரொட்டி சுடுகிற வாசனை. அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் எந்தப் பேரும் சொல்ல முடியாத ஒன்று வரும். அது மாறத் தொடங்கும் முன் சல்லடையில் கொட்டி, மின்விசிறிக்குக் கீழே ஆறவைத்துவிடுவார். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

மச்சினன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வழி சொன்னான்.

"மாமா, நீங்க அக்காகிட்ட சொல்றதையெல்லாம் இணையத்துல ஒரு குழு ஆரம்பிச்சு எழுதுங்க. கேக்கறதுக்கு ஆளும் கிடைக்கும், அக்காவுக்கும் நிம்மதி."

அக்கா அதற்குள் கணினியைத் திறந்தே வைத்துவிட்டாள்.

குழுவுக்கு 'வறுப்போர் வட்டம்' என்று பேர் வைத்தார்கள். கீழே சின்ன எழுத்தில், 'வீட்டில் காபி வறுப்பவர்கள் நட்போடு கூடுமிடம்' என்று மச்சினன் எழுதிவிட்டுப் போனான். நட்பு அவன் போட்டது. பல்செட்காரருக்கு அதைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் ஏதும் கிடையாது.

வட்டத்தின் வழக்கம் இதுதான்: ஆளுக்கு நூறு கிராம் வறுத்துத் தபாலில் இன்னொருவருக்கு அனுப்புவது, வாங்கியவர் குடித்துப் பார்த்துக் கருத்து எழுதுவது. வந்த பொட்டலங்களில் பாதிக்கு மேல் இவருக்குத்தான் வந்தன. சரியில்லாத அச்சை மருத்துவருக்குத் திருப்பி அனுப்பும்போது எழுதுகிற மாதிரியே கருத்தும் எழுதினார். 'கொட்டை வேகவில்லை. வெந்த மாதிரி வெளியே நடிக்கிறது.' 'இதை மூடிவைக்காமல் மூன்று நாள் விட்டிருக்கிறீர்கள்.' ஒருவருக்கு, 'வறுக்கும்போது நடுவில் போன் வந்து எடுத்திருக்கிறீர்கள்' என்று எழுதினார். அவர் உண்மையிலேயே போன் எடுத்திருந்தார். பொய் சொல்லியிருந்தால்கூட அந்த மனுஷர் மன்னித்திருப்பார். அன்றே வட்டத்தை விட்டுப் போய்விட்டார்.

எட்டு மாதத்தில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். பத்தாவது மாதம் முப்பத்துநாலு பேர் மிஞ்சினார்கள். அந்த முப்பத்துநாலில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வட்டத்தை நடத்துவதில் தானாகவே வந்து தோள்கொடுத்தவர். அவர் ஒருநாள் போனில் கூப்பிட்டார்.

"சார், உண்மையைச் சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லி முடிச்சிட்டீங்க. இனிமே சொல்றதுக்காவது ஆள் வேணும்ல?"

பல்செட்காரர் யோசிப்பதாகச் சொன்னார். யோசிப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் எழுந்து ஆசையாகக் காபி போட்டு ஒரு வாய் குடித்தார். சூடு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கொட்டை டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தார். வெறும் டப்பாவை முகர்ந்த மாதிரி இருந்தது. சோப்பு, ஊறுகாய் பாட்டில், ஷூ பாலிஷ் என்று வீட்டில் வாசனையுள்ளது எல்லாவற்றையும் வரிசையாக முகர்ந்துகொண்டு போனார். ஒன்றுமில்லை. மனைவி குடிப்பதற்கும் தான் குடிப்பதற்கும் கசப்பு ஒன்றுதான் வித்தியாசம் என்று ஆகிவிட்டது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம். காத்திருந்து பாருங்க" என்றார்.

மனைவியிடம் இவர் சொல்லவில்லை. அவள் தானாகத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் சாயந்திரம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பின் திருகு திறந்திருந்தது, தீ இல்லை. வீடு முழுக்க கேஸ். இவர் அடுப்புக்கு நாலடி தள்ளி மேஜையில் உட்கார்ந்து வட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் திருகை மூடினாள், ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள், அவரைக் கையைப் பிடித்துப் பால்கனிக்குக் கூட்டிப்போனாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளே மறுபடி கேட்டாள், "வட்டத்துலயாவது சொன்னீங்களா?"

"அடுத்த வாரம் சொல்லிடறேன்" என்றார்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. மேஜையில் மூன்று பொட்டலங்கள் கருத்துக்காகக் காத்திருந்தன. முதலாவது, வட்டத்தில் 'வாணலி' என்ற பேரில் புதிதாகச் சேர்ந்தவர் அனுப்பியது. மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் பெண், இயந்திரம் இல்லாமல் இரும்பு வாணலியில் கரண்டியால் கிளறியே வறுப்பவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பல்செட்காரர் காபி போட்டுக் குடித்தார். சூடு, கசப்பு. என்ன எழுதுவது? நேரம் கடத்துவதற்காக இப்படி எழுதினார்: 'கருத்துச் சொல்லும் முன் சில விஷயம் தெரிய வேண்டும். எத்தனை நிமிஷம் கிளறினீர்கள்? கை வலித்ததா? கடைசியில் இறக்கலாம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பக்கத்தில் யாராவது இருந்தார்களா?'

வாணலி பதினொரு பத்தியில் பதில் எழுதினார். மணிக்கட்டு வலியிலிருந்து, மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் பின்னறையில் அடுப்பு மூட்டுவது வரைக்கும் இருந்தது. பல்செட்காரர் அந்தப் பதினொரு பத்தியையும் மூன்று தரம் படித்தார். பிறகு வாணலி சொன்னதையே கொஞ்சம் மாற்றிப் போட்டு, 'அந்தக் கடைசி நிமிஷத்தில் அவசரப்படாமல் நின்றீர்களே, அது கோப்பையில் தெரிகிறது' என்று எழுதி அனுப்பினார்.

வட்டம் மூக்கின்மேல் விரல் வைத்தது. முகத்தில் அடித்தாற்போல் எழுதுகிற மனுஷரா இவர்? அடுத்த பொட்டலத்துக்கும் அப்படித்தான், அதற்கடுத்ததற்கும் அப்படித்தான். இவர் கேள்வி கேட்பார், அவர்கள் மனதைக் கொட்டுவார்கள், கொட்டியதில் இரண்டு கரண்டி அள்ளி அவர்களுக்கே பரிமாறுவார். கேள்விகளை அவரவருக்குத் தனியாக அனுப்பியதால் கருத்து மட்டும்தான் பொதுவில் தெரிந்தது. 'உங்கள் தம்பி பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தும் பதம் தவறவில்லை' என்று இவர் எழுதினால் படிக்கிறவர்களுக்கு மயிர் கூச்செறிந்தது. தம்பி நின்றதைக்கூடக் காபியை முகர்ந்தே கண்டுபிடிக்கிறாரே. யாரோ 'மூக்கு சார்' என்று கூப்பிட்டார்கள், பேர் ஒட்டிக்கொண்டது.

நான்கு மாதத்தில் முந்நூறு பேர் ஆனார்கள். வருஷம் திரும்புவதற்குள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். தலைமையாசிரியருக்குக் கை ஓயவில்லை. இவ்வளவு பேரை நட்பாக வைத்திருப்பதென்றால் விதி வேண்டாமா? முதலில் மூன்று விதி போட்டார், பிறகு ஒன்பது, பிறகு பத்தொன்பது. பதினாலாவது விதிப்படி 'கருகல்' என்ற சொல் வட்டத்தில் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக 'ஆழம்' என்று எழுத வேண்டும். 'புளிப்பு' என்பதற்கு 'துள்ளல்'. ஒருவர் மறந்துபோய், 'போன வாரம் வந்தது வாயில் வைக்க முடியாத புளிப்பு' என்று எழுதிவிட்டார். அவரை மிகுந்த அன்போடு வழியனுப்பிவைத்தார்கள். அந்த வழியனுப்புச் செய்திக்குக் கீழே நாற்பத்திரண்டு பேர் பூங்கொத்துப் படம் போட்டிருந்தார்கள்.

பல்செட்காரருக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தலோடு இன்னொன்றும் இருந்தது, அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. காலையில் எழுந்ததும் யாருக்கு மாமியாரோடு சமாதானமாயிற்று, யார் வீடு மாற்றினார்கள், யாருடைய மணிக்கட்டு தேவலையாயிற்று என்று பார்க்காமல் பல் துலக்க முடியவில்லை. மூக்கிருந்த காலத்தில் அவருக்குக் கொட்டைகளைத் தெரிந்திருந்தது. இப்போது அனுப்பியவர்களைத் தெரிந்திருந்தது. பொய்யில் வளர்கிற செடிக்கு இவ்வளவு இலை விடுமா என்று சில சமயம் திகைப்பார்.

அவரும் மாதத்துக்கு ஒருமுறை வறுத்து, குலுக்கலில் வரும் பத்துப் பேருக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். மூக்கு சாரின் பொட்டலம் என்றால் குலுக்கலில் அடிதடி. வாசனை இல்லாமல் பதம் பார்ப்பது எப்படி என்றால், நாக்குக்குக் கசப்பு ஒன்றுதான் எட்டியது; ஆகவே கசப்பு எட்டுகிற வரைக்கும் வறுத்தார். மாதம் ஆக ஆக நாக்கும் பழகிப்போய் இன்னும் கொஞ்சம் கேட்டது, இன்னும் கொஞ்சம் வறுத்தார். பால்கனியிலிருந்து கிளம்பிய புகையில் மேல்வீட்டுக்காரர்கள் ஜன்னலை அடைத்தார்கள்.

"ஏங்க, கருகுது" என்றாள் மனைவி.

"உனக்கு எல்லாக் காபியும் கருகல்தானே" என்றார்.

அவளாலும் அதை மறுக்க முடியவில்லை.

வட்டத்திலிருந்து வந்த கருத்துகளோ வேறு மாதிரி இருந்தன. 'ஆழம்.' 'இப்படியொரு ஆழத்தை நான் கண்டதில்லை.' 'ஒரு வாய்தான் குடித்தேன், போதும் என்று ஆகிவிட்டது.' கடைசியாகச் சொன்னதைப் பல்செட்காரர் இரண்டு தரம் படித்துப் பூரித்துப்போனார்.

பதினைந்து மாதம் இப்படிப் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, கூடத்தில் ஒரு பெரியவருக்கான கீழ்வரிசைப் பல்லை ஈறு நிறப் பிசினில் பதித்துக்கொண்டிருந்தபோது மூக்குக்குள் யாரோ ஊசியால் குத்திய மாதிரி இருந்தது. அது பிசினின் நெடி. இருபது வருஷமாக அவர் சபித்து வந்த நெடி. பல்வரிசையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. நெடியாலா வேறு எதனாலா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் கிளம்பினார். பஸ்ஸில் வந்த வேர்வை, தலை எண்ணெய், யாரோ உரித்த ஆரஞ்சு, டீசல் எல்லாவற்றையும் பசித்தவன் மாதிரி இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

வீட்டுக்கு வந்து, நேற்று தானே வறுத்துவைத்த காபி டப்பாவைத் திறந்தார்.

எரிந்த மின்கம்பி. உருகிய டயர். அதற்கடியில், மழையில் நனைந்த அடுப்புக்கரி. மூக்குத் திரும்பி வந்தாலும் கோணலாகத்தான் வந்திருக்கிறது என்று முதலில் நினைத்தார். சரிபார்க்க, வாணலி அனுப்பி அலமாரியில் பிரிக்காமல் கிடந்த பொட்டலத்தைப் பிரித்தார். சுட்ட ரொட்டி, வறுத்த நிலக்கடலை, ஓரத்தில் லேசான புகை. மூக்கு நேராகத்தான் இருந்தது.

பிறகு உட்கார்ந்து பதினைந்து மாதக் கருத்துகளையும் முதலிலிருந்து படித்தார். மாதம் பத்துப் பேர். மொத்தம் நூற்றைம்பது பேர் அடுப்புக்கரியைக் குடித்துவிட்டு ஆழம் என்று எழுதியிருந்தார்கள்.

மனைவி வந்ததும் டப்பாவை அவள் முன்னால் வைத்தார். "மூக்கு வந்திருச்சு."

அவள் முகம் மலர்ந்தது. டப்பாவைப் பார்த்ததும் நிலைமை புரிந்துவிட்டது.

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லல, பாத்தியா?" என்றார். குரலில் நிஜமான கோபம் இருந்தது.

"நீங்க அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

மூன்று வாரம் கழித்து வட்டத்தின் முதல் நேர்ச்சந்திப்பு என்று தலைமையாசிரியர் ஏற்கெனவே நாள் குறித்திருந்தார். நூலகத்தின் மாடி அரங்கில், ஞாயிறு காலை. இருநூறு பேர் வந்திருந்தார்கள். சுவரோரம் வரிசையாகக் கெட்டில்களும் காகிதக் கோப்பைகளும் இருந்தன. ஒவ்வொருவர் சட்டையிலும் இணையப் பேர் எழுதிய அட்டை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் பலருக்குத் தாடை வலித்திருக்கும். பல்செட்காரருக்கு எல்லோருடைய பல்வரிசையும் நன்றாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அவர் மேடையேறினார். மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கைப் பிடித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பதினஞ்சு மாசமா எனக்கு மோப்பமே இல்லாம இருந்துச்சு, மூணு வாரம் முன்னாடிதான் திரும்பி வந்துச்சு. நீங்க அனுப்பினது எதுவும் எனக்குத் தெரியல. சும்மா கேள்வி கேட்டு, நீங்க சொன்னதையே திருப்பி எழுதினேன்."

ஒரு மூலையில் ஒருவர் கைதட்டினார். தட்டல் பரவியது. தலைமையாசிரியர் எழுந்து வந்து இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டார்.

"பாத்துக்குங்க. இதுதான் பெரிய மனுஷங்க லட்சணம். இவ்வளவு கூர்மையான மூக்கை வச்சுக்கிட்டு, எனக்கு மூக்கே வேலை செய்யலன்னு சொல்ற தன்னடக்கம் யாருக்கு வரும்?"

"தன்னடக்கம் இல்லீங்க. நெஜமாத்தான் சொல்றேன்."

கைதட்டல் இன்னும் பலத்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அனுப்பின காபியும் காபியே இல்ல. சுத்தக் கருகல்."

தலைமையாசிரியர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு காதருகே குனிந்தார். "சார், அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். நாமளே விதியை மீறினா எப்படி?"

கடைசி வரிசையில் மனைவி தலையைக் குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. அழவில்லை என்பது மேடையிலிருந்தே தெரிந்தது. பல்செட்காரருக்கு ஒரு பூச்செண்டு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, கீழே இறக்கிவிட்டார்கள்.

மதியம் கூட்டம் கலைந்ததும் இருவரும் கெட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வாசலுக்கு வந்தார்கள். பின்னாலேயே ஒரு பெண் வேகமாக இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி ஒன்று கண்ணிலும் ஒன்று சங்கிலியில் கழுத்திலும் இருந்தது. தோளில் ஒரு பை.

"ஒரு நிமிஷம் சார். நான்தான் வாணலி."

பல்செட்காரருக்கு அவருடைய மணிக்கட்டைத் தெரியும், கடையின் பின்னறையைத் தெரியும், முகம் மட்டும்தான் புதிது.

"மேடையில சொன்னதை யாரும் நம்பலல்ல?" என்றார் வாணலி. "நான் நம்பறேன். எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"போன வருஷம் ஒரு சந்தேகம் வந்துச்சு. வேணும்னே ஒரு பொட்டலத்தைப் பாதி பச்சையா இறக்கி அனுப்பினேன். மாடுகூடத் தின்னாது அதை. 'உங்கள் பொறுமை தெரிகிறது'ன்னு எழுதினீங்க."

மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பல்செட்காரருக்குக் காதுவரை சூடேறியது.

"அப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் உக்காந்தேன். கீழே இன்னொரு வரி எழுதியிருந்தீங்க. மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கறீங்களா, என் மனைவிகிட்ட கேட்டுச் சொல்றேன்னு. எங்க வீட்டுல நாலு பேர். ஒருத்தர் கேட்டதில்ல. சரி, மூக்கு இல்லாட்டிப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அவர் பூச்செண்டைக் கை மாற்றிப் பிடித்தார்.

"என் காபி உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. ரோஜாச்செடிக்குப் போட்டேன்."

"உரமாவாவது ஆச்சே."

"செடி போயிருச்சு சார்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வாணலி பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்து, மூடியில் ஊற்றி நீட்டினார். "இப்ப மூக்கு வந்திருச்சில்ல? நேத்து வறுத்தது. எனக்கு இந்த நட்பு கிட்பெல்லாம் வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க."

பல்செட்காரர் மனைவியைப் பார்த்தார். "கேக்கறாங்கல்ல, சொல்லுங்க" என்றாள் அவள். அவர் முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், வாய்க்குள்ளேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினார். பதினைந்து மாதமாக உறங்கிக் கிடந்த ஒருவன் உள்ளே எழுந்து உட்கார்ந்தான்.

"எடுத்தவுடனே தீ ஜாஸ்தி வச்சிட்டீங்க. வெளியே சீக்கிரம் நெறம் ஏறிடுச்சு, உள்ளே வேகல. அதை ஈடுகட்ட கடைசியில ஒரு நிமிஷம் கூட விட்டிருக்கீங்க. அதுலதான் கெட்டுது. நல்ல கொட்டை, பாவம்."

வாணலியின் முகத்திலிருந்த சிரிப்பு ஒரு சுற்று சிறுத்தது. "எடுத்தவுடனே தீ கம்மியாத்தான் வச்சேன்."

"இல்லீங்க."

"வறுத்தது நானா நீங்களா?"

"குடிச்சது நான்தானே."

"உங்க மூக்குக்கு மூணு வாரம்தான் வயசு. கைக்குழந்தை சார் அது. அது சொல்றதை வச்சு என் அடுப்பைக் குறை சொல்றீங்க."

"கைக்குழந்தைக்கே தெரியுதுன்னா எவ்வளவு தீ வச்சிருப்பீங்க, யோசிங்க."

இரண்டு பேர் குரலும் ஏறியது. அரங்கத்தைப் பூட்டிவிட்டுச் சாவியோடு இறங்கிவந்த தலைமையாசிரியர் சத்தம் கேட்டுப் பதறி ஓடிவந்தார். "என்ன இது, நட்பா பேசுங்க, நட்பா..."

"நீங்க சும்மா இருங்க சார்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

தலைமையாசிரியர் சாவிக்கொத்தைப் பிடித்தபடி அடுத்து எந்த விதியைச் சொல்வது என்று தெரியாமல் நின்றார். வாணலி மூடியை வெடுக்கென்று வாங்கி மறுபடி நிறைத்து நீட்டினார். "இன்னொரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க. இந்தத் தடவை அவசரப்படாம."

பல்செட்காரர் வாங்கிக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி முகம் சிவந்து, கண் பளபளத்து நின்றவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். இது இப்போதைக்கு முடிகிற காரியமாகத் தெரியவில்லை. கெட்டில் பெட்டியைச் சுவரோரமாக இறக்கிவைத்து, அதன்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.